பதினொன்றே முக்கால் தூக்கம்

...ஆனால் வாய் அவ்வளவு அகலமாகவா திறந்திருக்கும், தூங்குகிற மனிதன் வாயைத் திறப்பது இயற்கைதான், அதற்காக ஒரு முழுப் பலாச்சுளை உள்ளே போகிற அளவுக்கா என்று முத்துராமலிங்கம் யோசித்துக்கொண்டிருந்தார், யோசிக்க யோசிக்கத் திரையில் அந்த வாய் திறந்தபடியே இருந்தது, மூடுகிற உத்தேசம் அதற்கு இல்லை. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே சுஜித் நடத்தும் இன்டர்நெட் கடை, மரத்தடுப்புகளுக்குள் ஆறு கம்ப்யூட்டர், நான்காவதில் அவர். இன்று இரண்டாம் சனி, ஆபீஸ் இல்லை, நாளை மறுநாள் விஷு, பேச்சியம்மாள் துணி எடுக்க எறணாகுளம் பிராட்வேக்குப் போயிருக்கிறாள், அவளிடம் முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார், இருபத்தெட்டு வருஷத்தில் அவளிடம் பொய் சொன்னதே இல்லை... இல்லையா, சரி, இதுபோன்ற காரியத்துக்குச் சொன்னதில்லை. கடைக்குள் நுழைந்ததும் வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டை சுஜித் நீட்டினான், அதில் பக்க எண் போடவில்லை, பக்க எண் இல்லாத நோட்டில் எவனும் ஒரு தாளைக் கிழித்துவிடலாமே, ஒன்றிலிருந்து நாற்பதுவரை எண் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நேற்று அம்பிளி காட்டியிருக்காவிட்டால் இது எதுவும் தெரியாமல் நிம்மதியாக விஷு கொண்டாடியிருக்கலாம். அம்பிளி பக்கத்து மேஜை, வரிப் பிரிவு, நல்ல பெண்தான், ஆனால் தன்னுடைய கம்ப்யூட்டரை இந்தப் பக்கம் திருப்பி, "முத்து சாரே, இது நிங்களல்லே?" என்று கேட்டபோது அவள் உதடு துடித்ததே, அது அனுதாபத்தால் துடித்த உதடு இல்லை. இன்டர்நெட்டில் படம் போட்டு அரட்டை அடிக்க இடம் கொடுக்கிற அமெரிக்கக் கம்பெனியாம், ஊரில் படித்த பிள்ளைகள் எல்லாம் அதில்தான் கிடக்கிறார்களாம், அதில் 'சர்க்கார் தியானத்தில் இருக்கிறது' என்று ஒரு கூட்டம், நானூற்றுப் பன்னிரண்டு பேர், அவர்களுக்கு நடுவில் பிறப்பு இறப்புப் பதிவுக் கவுண்டரின் கம்பிக்குப் பின்னால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒரு மனிதன். பெயர் போடவில்லை, எந்த ஆபீஸ் என்றும் போடவில்லை, அந்தமட்டில் கடவுள் காத்தார். கீழே அறுபத்து மூன்று அபிப்பிராயம். ஒருவன் இந்த முனிவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுங்கள் என்கிறான், இன்னொருவன் மரணப் பதிவுக் கவுண்டர் ஆயிற்றே, மூச்சு இருக்கிறதா பார்த்தீர்களா என்கிறான். திருப்பூணித்துறையிலிருந்து அம்மு என்ற ஒருத்தி மட்டும், பாவம், நம்ம ஊர்க் கொசுவுக்கு ராத்திரி அவர் கண்ணை மூடியிருக்க மாட்டார் என்று எழுதியிருந்தாள், அந்த அம்மு யார் என்று தெரிந்தால் அவளுக்கு எந்தச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் அரை மணியில் எழுதிக் கொடுத்துவிடுவார். மாதக் கடைசியில் சூப்பிரண்டு பதவிக்கான பட்டியல் வருகிறது. இரண்டாவது பெயர் அவருடையது. பட்டியலை முடிவு செய்கிற நகரசபைச் செயலாளரின் மகன் கல்லூரியில் படிக்கிறான், ஊரில் படித்த பிள்ளைகள் எல்லாம் அதில்தான் கிடக்கிறார்களாம்...

அதனால்தான் படத்தை நீக்கச் சொல்லி நேற்று ராத்திரியே மனு எழுதிவிட்டார், முழுத்தாளில் இடதுபக்கம் நாலு விரல் இடம் விட்டு, அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, கீழே கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருக்கிறார். "இத எங்க கொடுக்கறது?" என்று கேட்டபோது சுஜித் மனுவைப் பார்த்தான், ஸ்டாம்பைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், அவர்களுக்கு விலாசம் கிடையாது சாரே, அதிலேயேதான் எழுத வேண்டும் என்றான். விலாசம் இல்லாத கம்பெனியா? கதவு எண் கூடவா இல்லை? அப்படியானால் ஸ்டாம்பை எங்கே ஒட்டுவது என்று கேட்க வாயெடுத்தவர் அடக்கிக்கொண்டார். புகார் எழுத வேண்டுமென்றால் முதலில் அந்தக் கூட்டத்தில் அவரும் சேர வேண்டுமாம், அதாவது திருட்டுப் போனதைச் சொல்லப் போனவன் முதலில் திருடன் வீட்டில் ரேஷன் கார்டு எடுக்க வேண்டும். சரி, எடுக்கலாம் என்று உட்கார்ந்தால், எல்லா நிபந்தனைகளையும் வாசித்து ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு சின்னக் கட்டம், பக்கத்தில் நிபந்தனைகள். முத்துராமலிங்கம் வாசிக்க ஆரம்பித்தார்.

முப்பத்தொரு வருஷ சர்வீஸில் வாசிக்காமல் அவர் ஒரு காகிதத்திலும் கையொப்பம் வைத்ததில்லை, தம் கல்யாணப் பதிவுப் படிவத்தையே இரண்டு முறை வாசித்தார், பேச்சியம்மாள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். "சாரே, இதொண்ணும் ஆரும் வாசிக்கறதில்ல, டிக் பண்ணிட்டுக் கீழ போங்க" என்றான் சுஜித். "ஆரும் வாசிக்கலேன்னா எழுதினவன் எதுக்குடா எழுதினான்?" என்று கேட்டுவிட்டு அவர் மூன்றாம் பிரிவுக்குப் போனார், நல்ல ஆங்கிலம், சர்க்கார் உத்தரவு போலவே ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடுகிறது, எழுதியவன் நம்ம இனம்தான், குமாஸ்தா இனம், எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிந்தவன். ஆனால் என்ன சொல்கிறான்? நீ இங்கே வைக்கிற படத்தை நாங்கள் உலகம் முழுவதும், என்றென்றைக்கும், யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்... என்றென்றைக்கும் என்றால் என்ன அர்த்தம், தேவஸ்வம் நிலத்துக்கே தொண்ணூற்றொன்பது வருஷம்தானே குத்தகை? தகராறு வந்தால் அமெரிக்காவில் ஒரு ஜில்லா கோர்ட்டுக்கு வர வேண்டுமாம், எறணாகுளம் கோர்ட்டுக்குப் போகவே படகு பிடிக்க வேண்டியிருக்கிறது. இவர்களைக் கேட்க ஓர் ஆள் வேண்டாமா? கொச்சங்காடியில் ஒருவன் உலர்மீன் கடை போட்டால் டி அண்ட் ஓ லைசென்ஸ் எடுக்க வேண்டும், ஆபத்தும் அருவருப்பும் உள்ள தொழில்களுக்கென்றே சட்டம் வைத்திருக்கிற லைசென்ஸ், எடுக்காவிட்டால் சானிட்டரி இன்ஸ்பெக்டர் போய்ப் பூட்டுப் போடுவார். ஒரு மனிதனின் வாய்க்குள்ளே அண்ணாக்குவரை நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் காட்டுவது ஆபத்தும் அருவருப்பும் இல்லையென்றால் வேறு எது? மீனுக்கு இருக்கிற சட்டம் மனிதனுக்கு இல்லை. மத்திய அரசு ஒரு சட்டம் போட வேண்டும், ஊருக்கு ஓர் ஆபீஸ், வாசலில் ஒரு கவுண்டர், படம் போனவன் அங்கே வந்து மனுக் கொடுத்தால் வரவு எண் போட்டு முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று... அந்தக் கவுண்டரில் யாரை உட்கார வைப்பது என்பதில் அவர் யோசனை கொஞ்சம் தடுமாறியது. பதினான்காம் பிரிவின் நடுவில் இருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை நீண்டது, சுஜித், "சாரே, வெளிய நாலு பேர் நிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போய்விட்டான், அவ்வளவுதான், முப்பத்தொரு வருஷ விரதம் ஒரு சொடுக்கில் முடிந்தது.

போகட்டும், வந்த காரியத்தைப் பார்ப்போம் என்று புகார்ப் படிவத்தைத் திறந்தார். முழுப்பெயர், பிறந்த தேதி, விலாசம், செல் நம்பர், அடையாள அட்டையின் நகல்... இது எதுவும் இப்போது அவர்களிடம் இல்லையே, இப்போது அது வெறும் ஒரு தூங்குகிற மனிதன்தானே, அதை எடுக்கச் சொல்வதற்கு இன்ன தெருவில் இன்ன வீட்டில் இருக்கிற முத்துராமலிங்கம்தான் அது என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டுமா? அடுத்த வரி அதைவிட அழகு, படத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று ஒப்பிட்டுப் பார்க்க, முகம் தெளிவாகத் தெரியும் இன்னொரு படம் அனுப்பவும். ஒரு படத்தை எடுக்க இன்னொரு படமா? நான்தானய்யா சொல்கிறேன், என் முகம், என் வாய், எனக்குத் தெரியாதா... சொன்ன பிறகுதான் இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது, யார் சொன்னது? "நான்தானே பெத்தேன் சாரே, நான் சொல்றேன்ல." மாடத்தி. கொச்சங்காடிக் கிட்டங்கியில் சுக்குப் புடைக்கிறவள், மகன் அப்பு எண்பத்தொன்பதில் பிறந்தவன், பதிவேட்டில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது, பெயர்க் கட்டம் காலி. இப்போது அவனுக்கு வளைகுடாவில் வேலை வந்திருக்கிறது, பாஸ்போர்ட்டுக்குப் பெயர் உள்ள சான்றிதழ் வேண்டும். அந்த ஆண் குழந்தைதான் இந்த அப்பு என்பதற்கு என்ன ரேகை, என்ன ஆவணம் இருக்கிறது என்று அவர் கேட்டதற்குத்தான் அப்படிச் சொன்னாள், ரேகை இல்லாமல் வாயால் சொன்னால் போதுமா என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார். அது சட்டம், அதில் அவர் பிழை என்ன? பழைய பதிவுகளில் பெயர் சேர்க்க அரசு கொடுத்த கடைசித் தவணை மார்ச் முப்பத்தொன்று, அவள் எல்லாக் காகிதத்தோடும் வந்தது ஏப்ரல் ஒன்று. "நேத்தே வந்தேன் சாரே, நீங்க கண்ண மூடி இருந்தீங்க, எழுப்ப மனசு வரல, அர நாள்தான் லீவு" என்றாள். கண்ணை மூடினால் தூக்கமா, யோசனையாக இருக்கக் கூடாதா என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, வரவு எண் இருக்கா? இல்லேல்ல? அப்ப நீ வரல. வந்ததுக்கு என்ன ரேகை?" என்று கேட்டுவிட்டு, சுவரில் தேதி கிழிக்கும் காலண்டரைக் காட்டினார், பார், ஒன்று ஆகிவிட்டது. அந்தக் காலண்டரில் யாரும் குற்றம் சொல்ல முடியாது, காலை பத்து மணிக்கு உட்காருவதற்கு முன் தாளைக் கிழிப்பது அவர்தான், முப்பத்தொரு வருஷமாக ஒருநாள் தவறியதில்லை. அவள் காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும். நேரமாகிறது, பேச்சியம்மாள் வந்துவிடுவாள், வளர்ந்த முடியோடு போய் நிற்க வேண்டும். அப்பாவை நினைத்தார். நகரசபைக் குப்பை லாரியில் நின்றுகொண்டே முப்பது வருஷம் போன மனிதர், மகன் குமாஸ்தா ஆன வாரம் காக்கி உடையோடு ஆபீஸுக்கு வந்து, உள்ளே வராமல் கம்பிக்கு வெளியே நின்று, மகனைக்கூட இல்லை, அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கை வைத்த நாற்காலி. அந்த நாற்காலியில் அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு... அவருக்கு வெட்கமாக இருந்தது, அழுகைகூட வந்தது, பக்கத்துத் தடுப்பில் யாரோ கார் ஓட்டி விளையாடுகிற சத்தம் கேட்டதால் அழவில்லை. எடுத்தே ஆக வேண்டும், பெயர் கேட்டால் கொடுக்கலாம், அட்டை கேட்டால் கொடுக்கலாம் என்று விறுவிறுவென்று நிரப்பினார், கடைசிக் கட்டம், படத்தில் என்னென்ன உள்ளன என்று விவரிக்கவும். சரியான கேள்வி, எழுதியவன் குமாஸ்தாவேதான். படத்தை அழுத்திப் பெரிதாக்கினார்.

நேற்று அம்பிளி காட்டியபோதும் இன்று இவ்வளவு நேரமும் வாயைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. இப்போது மேலேயிருந்து வரிசையாகப் பார்த்தார், ஒரு காகிதத்தைப் பார்ப்பதுபோல. சுவர்க் கடிகாரம், பதினொன்றே முக்கால். அதன் கீழே காலண்டர், சின்ன எழுத்தில் மார்ச், பெரிய எழுத்தில் முப்பத்தொன்று. கம்பிக்கு இந்தப் பக்கம், படத்தின் ஓரத்தில், முகம் வெட்டுப்பட்டுப் போன ஒருத்தியின் முழங்கை கவுண்டர் பலகையில் ஊன்றியிருக்கிறது, பச்சைக் கண்ணாடி வளையல், கைமயிரில் வெள்ளையாகத் தூசி, கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் பெயர் சேர்ப்பு மனு, அந்தப் படிவத்தின் மஞ்சளை அவர் இருட்டிலும் கண்டுபிடிப்பார். அன்றைக்குத் தூக்கம் கலைந்தது எதனால்? தும்மலால். அடுக்கடுக்காக நாலு தும்மல், கண்ணைத் திறந்தால் கவுண்டரில் யாரும் இல்லை, காற்றில் மட்டும் சுக்கு வாடை, இதென்னடா ஆபீஸில் சுக்கு என்று நினைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. அவள் வந்தாள் என்பதற்கு வரவுப் பதிவேட்டில் ஒரு வரி இல்லை, ஆபீஸில் ஒரு துண்டுத்தாள் இல்லை, உலகத்திலேயே ஒரே ஒரு ரேகைதான் இருக்கிறது, அது அமெரிக்காக்காரனிடம் இருக்கிறது, இந்தப் பொத்தானை அழுத்தினால் அதுவும் இருக்காது.

"சாரே, டைம் ஆயி" என்று சுஜித் வந்து நின்றான், திரையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தான். "அனுப்பட்டா? இல்ல, பிரிண்ட் வேணுமா?" பட்டியலில் இரண்டாவது பெயர், மாதக் கடைசி, செயலாளரின் மகன், கை வைத்த நாற்காலி... பிரிண்ட் எடுத்து மாடத்தியின் மனுவோடு சேர்த்தால் அதன் கீழே 'உண்மை நகல்' என்று ஒருவன் எழுத வேண்டும், அன்றைக்கு அங்கே இருந்தவன்தான் எழுத முடியும், இருந்தான் என்பதற்குத்தான் இவ்வளவு பெரிய வாய் இருக்கிறதே. ஒரு நிமிஷம் இரு என்று கையைக் காட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எதற்கும் இன்னொரு தடவை மேலேயிருந்து வாசித்தார், நேரம், தேதி, மனுதாரர், மனு, அலுவலர். ஒரு பிழையும் இல்லை. சட்டைப் பையில் ஸ்டாம்ப் ஒட்டிய மனுவுக்குப் பின்னால் பேனா இருந்தது, கை அதன் மேல் போய் நின்றது.