தெளியாத பால்

தம்பிக்கு மறுபடி வயிற்றால் இரத்தம் போகிறது என்று கேட்டதும் பூரணிக்குக் கவலைக்கு முன்னால் ஒரு சின்ன நிம்மதி வந்தது.

தம்பி யதுர்சனுக்குப் பெருங்குடல் அழற்சி. கல்யாணம் வரை அவனுக்குச் சமைத்தவள் அவள்தான். குழைந்த சோறு, மிளகாய் இல்லாத கறி, தான் வேலை செய்யும் பால் தொழிற்சாலையில் ஊழியருக்குக் கொடுக்கும் சொக்லட் பால். அப்படியும் மெலிந்தே கிடந்தான். கிளிவெட்டியிலிருந்து லக்சனா மனைவியாக வந்தபிறகு அவன் கன்னத்தில் சதை வைத்தது. கைராசிக்காரி என்றார்கள். பூரணியின் கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் ரோசத்தோடு இருந்துவிட்டு, கிழமைக்கொரு பெட்டி பால் அனுப்பத் தொடங்கினாள். தன் கையாலும் ஏதாவது அவனுக்குள் போகட்டும்.

இன்றைக்கு அம்மாதான் அனுப்பினாள். "அவள் என்ன குடுக்கிறாள் எண்டு பார். சரியில்லையெண்டா அவனைக் கூட்டிக்கொண்டு வா."

பாலையூற்றில் பஸ் இறங்கி, புதுப் பெட்டியோடு நேரே தம்பி வீட்டுக் குசினிக்குள் போனாள்.

"என்ன குடுத்தனீர்?"

"கஞ்சிதான் மச்சாள்."

"அதுக்கு முதல்?"

"நெத்தலிச் சொதி. மிளகாய் போடேல்ல."

பூரணி ஒவ்வொரு சட்டியாகத் திறந்து மணந்து பார்த்தாள்.

"அக்கா, நீ பொலிசில சேந்திருக்கலாம்," என்றான் யதுர்சன் அறைக்குள்ளிருந்து. லக்சனா வாயைப் பொத்திச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பூரணிக்கு இடமில்லை.

மேசையில் இரண்டு குவளைகள். ஒன்றில் காலைக் கஞ்சி ஆறி, பருக்கை அடியிலும் தண்ணீர் மேலுமாகப் பிரிந்திருந்தது. மற்றதில் அவன் பாதி குடித்துவைத்த சொக்லட் பால். அதுவும் காலையில் ஊற்றியதுதான். ஆனால் கொக்கோ அடியில் படியவில்லை.

படியாது. படியாமல் வைத்திருப்பதுதான் அவள் வேலை. கடற்பாசியிலிருந்து எடுத்த தடிப்பாக்கியையும் கொழுப்பைப் பிரியவிடாத பால்மமாக்கியையும் நிறுத்துக் கலவைக்குக் கொடுப்பவள் அவள். குடலின் உட்சுவரில் ஒரு சளிப்படலம் உண்டு. கிருமிகளைச் சுவரில் அண்டவிடாமல் வைத்திருப்பது அது. இப்படியான பொருட்கள் அந்தப் படலத்தைக் கெடுத்து அழற்சியைத் தூண்டுவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்றில்லை. ஏற்கெனவே புண்பட்ட குடலுக்கு ஆகலாம். பல்கலைக்கழகத்தில் படித்தது, பரீட்சையில் எழுதியது. தம்பியின் வயிற்றோடு சேர்த்து ஒருநாளும் நினைத்ததில்லை.

"இந்தப் பால் எவ்வளவு குடிக்கிறவன்?"

"நீங்க அனுப்புறது முழுக்க. எனக்கும் ஒண்டு தாங்க எண்டா, அக்கா எனக்குத்தான் தந்தவ எண்டு தரமாட்டார்."

கைபேசி அடித்தது. அம்மா.

"என்னவாம்? என்ன குடுத்திருக்கிறாள்? ஓட்டோவப் பிடிச்சு அவனைக் கொண்டு வா."

லக்சனா அடுப்பைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். 'ஓம்' என்றால் போதும். இன்றைக்கே அவன் பழைய அறையில் படுப்பான்.

"அவள் ஒண்டும் பிழையாக் குடுக்கேல்ல, அம்மா. என்ட பாலாலயும் வந்திருக்கலாம். அதை நிப்பாட்டுவம். டொக்டரிட்டயும் சொல்லுவம். அவன் இங்கயே இருக்கட்டும்."

லக்சனா மறுபடி அடுப்பை மூட்டினாள். கஞ்சியைச் சூடாக்கி, கலக்கி, அறைக்குள் கொண்டு போனாள். கதவு திறந்தே இருந்தது. யதுர்சன் முகம் சுளிக்காமல் கடைசி மிடறு வரை குடித்தான்.

பூரணி வைத்த கஞ்சியை அவன் ஒருநாளும் முடித்ததில்லை.

அவள் அந்தப் புதுப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.