மழைச் சீட்டு

ஏப்ரல் மாதத்தில் பேஸ்பால் பார்க்கப் போகிறவருக்குக் கொஞ்சம் கிறுக்கு இருக்க வேண்டும். லேக்போர்ட்டில் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். ஏரிக்காற்று மூன்றாவது பேஸுக்குப் பின்னாலிருந்து நுழைந்து, கோட்டுப் பொத்தானைக் கூட மதிக்காமல் நேரே எலும்புக்குப் போய்விடும். அந்தக் காற்றில்தான் கிளாரன்ஸ் ஸெலென்காவும் அவர் மனைவி பெர்னடீனும் இருபத்தாறு வருஷமாக சீசனின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்து உட்காருகிறார்கள். இந்த வருஷமும் வந்துவிட்டார்கள். இரண்டு கம்பளி, ஒரு ஃபிளாஸ்க் காபி, ஒரு பொட்டலம் வேர்க்கடலை, அவளுடைய ஸ்கோர் புத்தகம்.

கிளாரன்ஸ் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரிக்கு மேலே மேகம் கறுத்துக் கிடந்தது. வா, என்று அதை மனசுக்குள் கூப்பிட்டார். வந்து தொலை. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் வந்துவிடு.

வேறு எந்த ரசிகனும் இப்படி வேண்டிக்கொள்ள மாட்டான். ஆனால் அவருக்குக் காரணம் இருந்தது. ஐந்து இன்னிங்ஸ் முடியாமல் மழை வந்தால் அந்த ஆட்டமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். டிக்கெட்டின் கிழிந்த பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேறொரு நாள் ஆட்டத்துக்கு விடுவார்கள். மழைச் சீட்டு என்பார்கள் அதை. கிளாரன்ஸின் சட்டைப் பையில் அப்படி இரண்டு பாதிகள் இருந்தன. அவற்றைக் கொடுத்து ஆகஸ்ட் மாதத்துக்கு வாங்கிவிட வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தார்.

மார்ச் மாதம் டாக்டர் அவரைத் தனியாக ஆஸ்பத்திரி நடையில் நிறுத்தி விஷயத்தைச் சொல்லியிருந்தார். "ஜூலை நாலு வாணவேடிக்கையை அவங்க பாத்தாங்கன்னா, அதுவே பெரிய விஷயம் மிஸ்டர் ஸெலென்கா. அவங்ககிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்." கிளாரன்ஸ் சொல்லவில்லை. ரத்தம் குறைவாம், இரும்புச் சத்து மாத்திரை எழுதியிருக்கிறார், வெயில் காலம் வந்தால் சரியாகிவிடுமாம் என்று மனைவியிடம் அளந்துவிட்டார். அவளும் சரி என்று தலையாட்டி, மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள். முப்பது வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன பெரிய பொய் அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் டிக்கெட் ஒன்று கையில் இருந்தால் அவள் ஆகஸ்ட் வரைக்கும் இருந்துதானே ஆக வேண்டும்? முட்டாள்தனம்தான். வார்ப்பாலையில் கொதிக்கும் இரும்போடு வேலை பார்த்த மனிதர் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் தன் அணி தோற்ற நாளில் போட்ட தொப்பியை அடுத்த ஆட்டத்துக்குப் போடாதவரும் அவர்தான்.

"என்ன மேலயே பாத்துக்கிட்டிருக்கே?" என்றாள் பெர்னடீன். "பந்து கீழதான் வருது."

"மழை வரும்போல இருக்கு."

"வாயைக் கழுவு."

எதிரணிப் பக்கம் முதல் இன்னிங்ஸ் ஒன்றுமில்லாமல் போனது. நம்ம ஹெரன்ஸ் அணியும் ஒன்றும் கிழிக்கவில்லை. நம்ம பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இடக்கைப் பிட்சர் பரவாயில்லை, ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தொப்பியைச் சரி செய்து, மூக்கைத் துடைத்து, ஊரையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் வீசுகிறான். மெதுவாகவே போடு ராஜா, என்று கிளாரன்ஸ் நினைத்துக்கொண்டார். உனக்கு என்ன அவசரம்.

பின்வரிசையில் ஸ்டான் ஓக்ஸ் உட்கார்ந்திருந்தான். கிளாரன்ஸோடு வார்ப்பாலையில் இருந்தவன். பியர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சத்தம் ஒரே அளவுதான். ஹெரன்ஸ் ஆட்டக்காரன் ஒருவன் மூன்று பந்தையும் கோட்டைவிட்டு அவுட்டானதும் எழுந்து நின்று கத்தினான்.

"டேய், அது பேட்டா, ஊன்றுகோலா?" பிறகு உட்கார்ந்து, முன்வரிசைக்குக் குனிந்து, "பரவாயில்ல விடுங்க. ஏப்ரல்தானே! இன்னும் எவ்வளவோ ஆட்டம் இருக்கு" என்றான்.

சீசன் தொடக்கத்தில் எல்லாரும் சொல்கிற ஆறுதல்தான் அது. கிளாரன்ஸே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அதைக் கேட்டதும் பெர்னடீனின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். அவள் பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மெலிந்து மோதிரம் கழன்று விழுகிற மாதிரி ஆடியது.

இரண்டாவது இன்னிங்ஸில் ஹோபி ட்ரெஸ்லர் பேட்டை எடுத்துக்கொண்டு வந்தான். முப்பத்தாறு வயது கேட்சர். பேட் பிடிப்பவனுக்குப் பின்னால் பந்து பிடிக்கக் குந்திக் குந்தியே முட்டி இரண்டும் போய்விட்டன. ஹோம் ரன் அடித்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த சீசனோடு அனுப்பிவிடுவார்கள் என்று பத்திரிகையிலேயே போட்டுவிட்டார்கள். ஊரில் அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே விசிறி பெர்னடீன்தான். பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோல் திட்டுவாள்.

"ஹோபி! தோளை இறக்குடா தடியா! எத்தனை வருஷமா சொல்றேன்!"

தடியன் தோளை இறக்கினானோ என்னவோ, மூன்றாவது பந்து பேட்டில் பட்ட சத்தத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பந்து இடப்பக்க வேலியைத் தாண்டி ரயில் பாதைப் பக்கம் போய் விழுந்தது. ட்ரெஸ்லருக்கே நம்பிக்கை வரவில்லை. முதல் பேஸில் தடுமாறி, பிறகு நொண்டிக்கொண்டே சுற்றி வந்தான்.

பெர்னடீன் எழுந்து நின்றுவிட்டாள். கம்பளி கீழே விழுந்தது. சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு இந்தச் சிரிப்பை அவர் பார்க்கவில்லை.

"பாத்தியா? பாத்தியா கிளாரன்ஸ்? கிழவன் முடிஞ்சுபோயிட்டான்னாங்க!"

உட்கார்ந்து, ஸ்கோர் புத்தகத்தில் ட்ரெஸ்லரின் கட்டத்துக்குள் இருந்த சின்ன வைர வடிவத்தைப் பென்சிலால் நிரப்ப ஆரம்பித்தாள். ஹோம் ரன் என்றால் அதை முழுக்கக் கறுப்பாக்க வேண்டும். கோடு வெளியே போய்ப் போய் வந்தது. ஆனாலும் விடவில்லை.

மூன்றாவது இன்னிங்ஸ் முடியும்போது முதல் துளி அந்தப் பக்கத்தின் மேலேயே விழுந்தது. அவள் அதைக் கையால் ஒற்றினாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"கிளாரன்ஸ், மழை வந்தா ஆட்டம் கணக்குல வராதே."

"ம்."

"ஹோபி அடிச்சது?"

"அதுவும்தான் வராது."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு மைதானத்தைப் பார்த்துக் கத்தினாள். "மூக்கைத் துடைச்சது போதும், பந்தைப் போடுடா!"

கிளாரன்ஸுக்குத் தன் மேலேயே கூச்சமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் மழை வேண்டாம் என்கிறாள், அவர் மழை வா என்கிறார். ஒரே கம்பளிக்குள் இரண்டு கட்சி. ஆனாலும் அவர் மனம் மாறவில்லை. ஒரு ஹோம் ரன் பெரிசா, ஆகஸ்ட் பெரிசா? வா மழையே, வா.

நான்காவது இன்னிங்ஸ் தூறலிலேயே ஓடியது. ஹெரன்ஸ் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தார்கள். முன்னால் இருப்பதால் ஐந்தாவதில் எதிரணியின் மூன்று பேரை அவுட்டாக்கினாலே போதும், ஆட்டம் செல்லும். முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆள் அவுட். தூறல் கனத்தது. மூன்றாவது ஆளுக்கு இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவனும் அவுட்.

அவன் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான்; அவுட்டும் இல்லை, ஓட்டமும் இல்லை. அடுத்ததையும் தட்டிவிட்டான். அதற்கடுத்ததையும்.

கிளாரன்ஸ் அப்போது மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஸ்கோர் புத்தகத்தைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து நனையாமல் காத்துக்கொண்டிருந்தாள். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. அவள் எதற்காகவும் இப்படி வேண்டிக்கொண்டு அவர் பார்த்ததில்லை. தனக்காகக்கூட இல்லை. கிழட்டுக் கேட்சர் ஒருவன் அடித்த ஒரு அடி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு உள்ளே ஏதோ உடைந்தது. அடப் பாவி, அவளிடமிருந்து இதைக் கூடவா பிடுங்கப் பார்த்தாய், என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"போடுடா!" என்று எழுந்து நின்று கத்தினார். "சீக்கிரம் போடுடா, புண்ணியமாப் போகும்!"

பிட்சர் தொப்பியைச் சரி செய்தான். மூக்கைத் துடைத்தான். மழை கொட்ட ஆரம்பித்தது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அம்பயர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். கூரைக்குக் கீழே முக்கால் மணி நேரம் நின்றார்கள் கிளாரன்ஸும் பெர்னடீனும். காபி தீர்ந்துபோனது. கடைசியில் ஒலிபெருக்கி சொன்னது: ஆட்டம் ரத்து, டிக்கெட்டின் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான் கிளாரன்ஸின் முதுகில் தட்டிவிட்டுப் போனான். "விடுங்க, ஏப்ரல்தானே!"

பெர்னடீன் ஸ்கோர் புத்தகத்தை விரித்து அந்தக் கறுப்பு வைரத்தைப் பார்த்தாள். அழிக்கவில்லை. மூடிப் பைக்குள் வைத்தாள்.

"என்னை மன்னிச்சிடு பெர்னி" என்றார் அவர்.

"நீயா மழையை வரவழைச்சே?"

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பாதிச் சீட்டையும் எடுத்தார்.

டிக்கெட் ஜன்னலில் கூட்டம் குறைந்திருந்தது. கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி பாதிச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு, "எந்த ஆட்டத்துக்கு வேணும்?" என்று கேட்டாள்.

"ஆகஸ்ட்ல கொடும்மா" என்றார் கிளாரன்ஸ். குரல் எதிர்பார்த்ததைவிட உரக்க வந்தது. "ஆகஸ்ட்ல எதுவா இருந்தாலும் சரி. அப்ப குளிராது."

"ஆகஸ்ட் பத்தொன்பது நல்ல நாள். அடுத்தடுத்து ரெண்டு ஆட்டம், ஒரே டிக்கெட்."

"அதுதான். அதையே கொடு."

"நாளைக்கு ஆட்டம் இருக்கா?" என்று கேட்டாள் பெர்னடீன்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு இல்லைங்க மேடம். அடுத்த ஆட்டம் வியாழக்கிழமை. ஆனா அன்னைக்கும் இதே குளிர்தான்னு சொல்றாங்க. ஆகஸ்ட்டே எடுத்துக்குங்களேன், இப்ப என்ன அவசரம்?"

"வியாழக்கிழமை கொடும்மா."

"பெர்னி" என்றார் கிளாரன்ஸ். "வெயில் வந்ததும் உனக்கு உடம்பு தேறிடும். டாக்டரே சொன்னாரு. ஆகஸ்ட்ல நிம்மதியா..."

அவள் அவர் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமாகப் பிடிக்கவில்லை.

"ஆகஸ்ட் டிக்கெட்டை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே கிளாரன்ஸ்?" என்றாள். "தனியா வந்து உக்காருவியா?"

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்கு மார்ச் மாதத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. மாத்திரையைத் தலையாட்டி விழுங்கிய முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தான் பொய் சொல்லி அவளைக் காப்பாற்றுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும், அவள்தான் ஒன்றும் தெரியாதவள்போல் இருந்து அவரைக் காப்பாற்றியிருக்கிறாள்.

ஜன்னலுக்குள் இருந்த பெண்ணுக்கு இது எதுவும் புரியவில்லை. வியாழக்கிழமை டிக்கெட் கட்டை எடுத்து முத்திரை குத்தத் தயாராக வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு சீட்டும் பக்கத்துப் பக்கத்துலதானே?" என்று கேட்டாள்.

அவரே சொல்லட்டும் என்று பெர்னடீன் கிளாரன்ஸைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றார் அவர். "பக்கத்துப் பக்கத்துலதான்."