வயிற்றில் இல்லாத சோறு

பாலசுப்பிரமணியம் வாந்தி எடுத்ததும் சிவஞானம் என்னைத்தான் பார்த்தான். பாராடாங் தீவில் ரோடு போடும் கூலிகளுக்கு அவன் காண்ட்ராக்டர். நான் சமையல்காரன். வேறு யாரைப் பார்ப்பான்?

சாயங்காலம். கூடாரத்து வாசலில் பாலுவோடு இன்னும் இரண்டு பேர் சுருண்டு கிடந்தார்கள். மூவரும் போன கப்பலில் ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்கள். வாயில் நுரை, கண் செருகல்.

"என்ன கனி பாய், சோத்துல என்னத்தப் போட்டே? கொன்னுட்டியா?"

"மத்தியானம் முகாம் முழுக்க அதே சோறுதான் தின்னுச்சு. இவனுங்களுக்கு மட்டும் தனியா வெஷம் வச்சேனாக்கும்? சட்டியில மிச்சம் கெடக்கு. நானே தின்னு காட்டவா?"

"நடிக்காதே. சுப் ரஹோ! வாயை மூடு! அடுத்த ஜஹாஸ்ல உன்னை மெயின்லேண்டுக்கு ஏத்துறேன். இந்தத் தீவுல எவனும் உன்னை அடுப்பங்கிட்ட விடாதபடி பண்றேன் பாரு."

சொன்னால் செய்வான்; கப்பலில் ஏற்றியே விடுவான். எனக்கு அக்கரையில் ஒரு நாதியும் கிடையாது. அடுப்பை விட்டால் கைக்கு வேறு தொழிலும் தெரியாது. கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அவன் மண்டையில் இறக்கியிருப்பேன்.

கம்பவுண்டர் ஜெகநாதனைக் கூட்டி வந்தார்கள். அவனையும் எனக்குப் பிடிக்காது. காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணியைக் கொடுக்கிறவன். உப்புத் தண்ணீர் குடிக்க வைத்து மூன்று பேரையும் மறுபடி வாந்தி எடுக்கச் செய்தான். பிறகு ஒரு குச்சியால் அதைக் கிளறினான்.

"சோறு எங்க? பருப்பு எங்க? வந்து பாருங்க."

சிவஞானம் மூக்கைப் பொத்திக்கொண்டான். "கரைஞ்சு போயிருக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். மென்னு முழுங்கினது இரைப்பைக்குப் போவுது. அங்க புளிச்ச தண்ணி ஊறும். இரைப்பை மாவு பெசையற மாதிரி பெசஞ்சு கூழாக்கி, கொஞ்சங் கொஞ்சமா சிறுகுடலுக்குத் தள்ளிடும். சத்து அங்கதான் ரத்தத்துல ஏறுது. மிச்சத்துல இருக்கற தண்ணியப் பெருங்குடல் உறிஞ்சிட்டு, சக்கையத் தள்ளும். மத்தியானச் சோறு எப்பவோ கீழ எறங்கியிருக்கும். இது அதுக்கப்புறம் தின்னது. இன்னும் துண்டு துண்டா கெடக்கு பாருங்க."

வயிற்றுக்குள் இவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தானா? எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் குச்சி நுனியில் இருந்ததைப் பார்த்தேன். மஞ்சள் பூத்த, அரைவேக்காட்டுக் கிழங்கு. முகாமுக்குக் கிழங்கு வந்தே மாசக்கணக்காகிறது.

பாலுவின் முடியைப் பிடித்துத் தூக்கினேன். "எங்கடா தோண்டினே?"

"காட்டுல, பாய்... எங்கூரு வள்ளிக்கிழங்கு மாதிரியே இருந்துச்சு. சுட்டுத் தின்னோம். பசி தாங்கல."

காட்டுக் கிழங்கு. இங்கே காடு வெட்ட வந்து தங்கிவிட்ட ராஞ்சிக்காரர்கள் அதைச் சீவி, ஓடைத் தண்ணீரில் நாள்கணக்காகப் போட்டு வைத்து, விஷம் இறங்கிய பிறகுதான் வேகவைப்பார்கள். புதிதாக வந்தவனுக்கு எப்படித் தெரியும்? பசிக்கும் காரணம் இருந்தது. கப்பல் தாமதம் என்று ஆளுக்குப் பாதி அரிசிதான் அளக்க வேண்டும் என்றவன் சிவஞானம். எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"பொழைச்சுக்குவானுங்க. கஞ்சி குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பவுண்டர் போனான்.

சிவஞானம் தொண்டையைச் செருமினான். "சரி பாய், மனசுல வச்சுக்காதே. கஞ்சி வை."

வைத்தேன். எல்லாரும் தட்டோடு உட்கார்ந்தார்கள். முதல் கரண்டியை அவன் தட்டில் ஊற்றினேன். பாதிக் கரண்டி.

"நீ குடி. இவனுங்க பாக்கட்டும். அப்புறம்தான் மத்தவனுக்கு."

"யாருகிட்டப் பேசுறே?"

"வெஷம் வக்கிறவன்னு சொன்ன ஆளுகிட்ட. நீ குடிக்காம இங்க எவனும் குடிக்க மாட்டான். தினமும் இதான். முடியாதுன்னா ஜஹாஸ்ல ஏத்து, நீயே கிண்டு."

கரண்டியை நீட்டினேன். வாங்க அவன் கை வரவில்லை. ஒருத்தரும் தட்டை நீட்டவில்லை. கடைசியில் குனிந்து உறிஞ்சினான். கொதிக்கிற கஞ்சி. நாக்கு வெந்திருக்கும்.

காலித் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றான்.

"அவ்வளவுதான் அளவு" என்றேன்.