ஆப்பில் ஒரு பிறை

துசியந்தி பெட்டியைத் திறந்து ரிவால்வரை மேசையில் வைத்தாள். நூற்றைம்பது வருடத்துப் பழசு. கறுப்பு வெடிமருந்து போட்டுச் சுடுவது. துப்பாக்கி திருத்தும் யோகலிங்கம் அதை எடுத்துக் காதருகே வைத்து மெல்ல அசைத்தார். குண்டு நிரப்பும் உருளை விழப்போகிற பல்லைப்போல ஆடியது. அந்த ரகத்தில் குழலையும் உடலையும் பிடித்து வைத்திருப்பது குறுக்கே செருகிய ஓர் இரும்பு ஆப்பு மட்டும்தான்.

சனிக்கிழமை கிளப்பில் சுடும் போட்டி என்றாள். ஹவுன்ஸ்லோவில் தாதியாக இருப்பவள், ஷிப்டை மாற்றிக்கொண்டு நகரின் மறுகோடிக்கு, லூயிஷாமிலுள்ள அவர் பட்டறைக்கு வந்திருந்தாள். இது சரிவந்தால் கிளப்பின் துப்பாக்கிகள் முழுவதையும் திருத்த அவரிடமே கொடுப்பதாகக் கமிட்டி சொல்லியிருக்கிறதாம். மூன்று வருடமாக அவர் காத்திருந்த வேலை அது.

"ஆப்பை இன்னும் ரெண்டு தட்டுத் தட்டி விடுங்கோவன், அண்ணை."

 அவர் ஆப்பைக் கழற்றிக் குழலைப் பிரித்தார். ஆப்பின் தலை நசுங்கிக் கிடந்தது. உருளை சுழலும் அச்சு, குழலுக்குக் கீழே அது நுழையும் துளையின் அடியைத் தொடவில்லை. நடுவே நகக்கனம் இடைவெளி. அதை அடைக்காமல் யாரோ ஆப்பை மட்டும் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு இறுகியிருக்கும். சுடச்சுட ஆப்பு தேய்ந்து, ஆட்டம் இன்னும் கூடியிருக்கும்.

"எங்கடை கிளப் விஜயரத்தினம் அண்ணையிட்டை வாங்கினது," என்றாள் அவள். "முதல் திருத்தினவன் ஆரெண்டு தெரியேல்லை. ஆப்பசைச்ச குரங்கு மாதிரி நாசமாக்கி வைச்சிருக்கிறான்."

அவர் ஆப்பை விளக்கடியில் திருப்பினார். நசுங்கிய தலையில் பிறை வடிவில் ஒரு தழும்பு. சுவரில் தொங்கிய தன் சுத்தியலைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அதன் முகத்தில் ஓரம் உடைந்து எத்தனையோ வருடம். அது தொட்ட இரும்பிலெல்லாம் அந்தப் பிறை விழும். விஜயரத்தினம் ஒரு வெள்ளிக்கிழமை அவசரப்படுத்தியதும், மெதுவான வெண்கலச் சுத்தியலைத் தேடத் தான் பஞ்சிப்பட்டு, கைக்கெட்டிய இதையே எடுத்ததும் நினைவுக்கு வந்தன.

மேலே பாலத்தில் ஒரு ரயில் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

"அந்தக் குரங்கு நான்தான், தங்கச்சி."

அவள் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். அவர் சுத்தியலை எடுத்து ஆப்பின் பக்கத்தில் வைத்தார். துளையின் அடியில் உருக்கு வில்லை வைத்து அச்சை முட்டவைக்க வேண்டும், புது ஆப்பு அராவ வேண்டும், மூன்று கிழமை எடுக்கும் என்றார்.

"சனிக்கிழமைக்குள்ளை ஏலாதோ?"

"இறுக்கித் தர ஏலும். அது திருத்தமில்லை."

அவள் சுத்தியலின் உடைந்த ஓரத்தை விரலால் தடவினாள்.

"கமிட்டியிலை இதையும் நான் சொல்லத்தான் வேணும்."

"ஓம். சொல்லுங்கோ."

அவள் பெட்டியை மூடிப் பூட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். யன்னலால் பார்த்தபோது சந்தைக் கூட்டத்துக்குள் வெறும் பெட்டி அவள் கையில் இலேசாக ஆடிக்கொண்டு போனது. அவள் அவரிடமே விட்டுப்போன ரிவால்வர் மேசையில் மூன்று துண்டாகக் கிடந்தது.