சாலட் மேஜை

பீப்... பீப்... பீப்!

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் அறுவடை விருந்துக்குக் கூடியிருந்தவர்கள் தட்டும் கரண்டியுமாக அப்படியே நின்றார்கள். "தீ! எல்லாரும் வெளிய போங்க!" என்று காபிப் பாத்திரத்துப் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது. போதகர் மாரிட் சமையலறைக்கு ஓடிப் பார்த்தார். அடுப்பு அணைந்து கிடந்தது.

"தீ இல்ல பாஸ்டர், நான்தான்," என்று கூச்சத்தோடு கை தூக்கினார் வெர்லின். அவருடைய மேல்கையில் ஒட்டியிருந்த சின்ன வில்லை, ரத்தத்தில் சர்க்கரை ஏறியதைக் கண்டுபிடித்து, சட்டைப்பையில் இருந்த போனை அலறவிட்டிருந்தது.

வெர்லின் அந்த மின்னசோட்டா சிற்றூரின் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். எந்த வீட்டுப் பிள்ளை கையுறையை மறந்துவிட்டு வரும், எது பனியில் சறுக்கிக்கொண்டே வந்து ஏறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வரும் வியாழக்கிழமை மருத்துவப் பரிசோதனை. சர்க்கரை இறங்கவில்லையென்றால் பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். "இனிப்பை நிறுத்துங்க, தினமும் பழம் சாப்பிடுங்க" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, விருந்துகளில் அவர் கேக் மேஜைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"கேக்க ஒளிச்சு வச்சுத் தின்னியாக்கும்! மாட்டினியா?" என்று சிரித்தார் பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்லோ.

"போடா! இந்தத் தட்டப் பாரு. எல்லாம் சாலட் மேஜையில எடுத்தது. எல்லாமே பழம்!"

ஆர்லோ எட்டிப் பார்த்தார். பேரிக்காய்த் துண்டுகள் மிதக்கும் பச்சை ஜெல்லி நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளைக் கிரீமில் புதைந்த ஆப்பிள். குடிக்க ஒரு பெரிய கிளாஸில் திராட்சை ஜூஸ். அந்த ஊரில் இதெல்லாம் சாலட் மேஜையில்தான் இருக்கும். யாரும் இனிப்பில் சேர்ப்பதில்லை.

"பழம்தான்," என்று ஆர்லோவும் தலையைச் சொறிந்தார். "அப்புறம் எதுக்கு இது கத்துது?"

வெர்லினின் மனைவி ஆர்டிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தக் கருவியத் தூக்கிப் போடணும்! காலையில பழ ஜூஸ், மத்தியானம் பழ சாலட், சாயங்காலம் பழ ஜெல்லி. நான் பாத்துப் பாத்துச் செஞ்சு குடுக்குறேன். ஏறிக்கிட்டே போனா நான் என்னதான் பண்றது?"

"உன்னைச் சொல்லல ஆர்டிஸ்," என்றார் வெர்லின். "செவ்வாக்கிழமை பஸ் வழியில நின்னுச்சுல்ல? பசிக்கு ரெண்டு ஆப்பிள்தான் தின்னேன். இந்தக் கருவி மூச்சு விடல. அதுவும் நம்ம மரத்து ஆப்பிள், இதுவும் நம்ம மரத்து ஆப்பிள். அன்னைக்குச் சும்மா இருந்தது இன்னைக்கு ஊரக் கூட்டுது. எனக்கு ஒண்ணும் புரியல."

"ஒருவேளை அதுக்குப் பிரசங்கம் பிடிக்கலயோ என்னவோ," என்றார் ஆர்லோ. யாரும் சிரிக்கவில்லை.

ஆர்டிஸைத் தேற்ற நினைத்த போதகர் மாரிட், அவளுடைய ஆப்பிள் சாலட்டை ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். "அருமையா இருக்கே! எப்படிச் செஞ்சீங்க?"

அந்தக் கூடத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ரொம்ப சுலபம் பாஸ்டர். மொதல்ல இனிப்புப் புட்டிங் பொடி ஒரு பாக்கெட். அதுல ஒரு டப்பா கிரீம். அப்புறம் சாக்லேட் பார் ஆறு, பொடியா நறுக்கி... அப்புறம் பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்குமே, மார்ஷ்மெல்லோ, அது ரெண்டு கை. மேல கேரமல் பாகு..." அவள் குரல் மெல்ல மெல்ல இறங்கியது.

"ஆப்பிள்?" என்று கேட்டார் போதகர்.

"ஆப்பிள்... ரெண்டு. இந்தப் பெரிய பாத்திரம் முழுசுக்கும்."

ஆர்லோ தன் தட்டில் இருந்த பச்சை ஜெல்லியை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வெர்லின் தட்டைக் கீழே வைத்தார். நீள மேஜையின் நடுவே, சோளக்கதிருக்கும் பூசணிக்கும் இடையில், சிவப்பு ஆப்பிள்கள் ஒரு கூடையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் அறுவடை விருந்துக்கும் ஆர்டிஸே தோட்டத்திலிருந்து பறித்து வந்து அழகாக அடுக்குவாள். விருந்து முடிந்ததும் அவை பன்றிகளுக்குப் போகும். வெர்லின் எட்டி ஓர் ஆப்பிளை எடுத்தார்.

"ஏய், அத எடுக்காத! அது அழகுக்கு வச்சது!" என்று பழக்கதோஷத்தில் கத்திய ஆர்டிஸ், தான் சொன்னது காதில் விழுந்ததும் அசையாமல் நின்றுவிட்டாள்.

வெர்லினின் கை அந்தரத்தில் நின்றது. அவள் ஆப்பிளை வாங்கித் தன் ஏப்ரனில் அழுத்தித் துடைத்து, அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"தோலோட கடிச்சுத் தின்னு வெர்லின். தினமும் பழம்னு டாக்டர் சொன்னது இதத்தான். தின்ன வேண்டியத இத்தனை வருஷமா அழகுக்கு வச்சுட்டு, பழத்தோட பேர மட்டும் உன் தட்டுல போட்டிருக்கேன்."