கண்டக்டர் பக்கம்

சவரக்கத்தியை அப்பாவின் முகத்தருகே கொண்டுபோன அண்ணன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன இது, பாதிதான் எடுத்திருக்கு? யாரு பண்ணது?"

"அவரேதான். காலைல" என்றாள் தங்கை.

வலக்கன்னம் வழவழவென்றிருந்தது, தாடையில் சின்னக் கீறல். இடக்கன்னத்தில் நரைத்த தாடி அப்படியே இருந்தது. கூடத்தில் அம்மா, வந்தவர்களிடம் சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பஸ் டிரைவராக இருந்தவரை, சவரம் செய்யாமல் ஒரு நாள்கூட அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பக்கவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாடு வேண்டாம், பயிற்சி வேண்டாம், கண்ணாடி வேண்டவே வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படி மனச்சோர்வும் வருவதுண்டு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். "மூளைல அடைப்புன்னா மனசுக்கு எதுக்கு மாத்திரை? இருக்கறதும் கெட்டுடும்" என்று அண்ணன் குதித்தான். தங்கைதான் ஒற்றைக்காலில் நின்று கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அப்பா அறைப்பக்கம் திரும்பினார்.

இன்று மதியம் மறுபடி அடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன், "அந்த மாத்திரை..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். மாத்திரையால் வந்ததில்லை என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். மனசு கேட்டால்தானே. நான்தான் கொன்றுவிட்டேனோ என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் ஏன் விட்டாரு?" என்றான் அண்ணன்.

"இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியலயே. தட்டுலயும் அந்தப் பக்கம் அப்படியே கிடக்கும். கண்ணாடி கேட்டு வாங்கி, இவ்ளோதான் எடுத்தாரு. முடிஞ்சுதுன்னாரு. இந்தப் பக்கம் இருக்கேப்பான்னேன். 'அது கண்டக்டர் பக்கம், அவரு பாத்துக்குவாரு'ன்னு சொல்லிச் சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"ம்."

"அப்பாவா?"

அவள் தலையசைத்தாள். அண்ணன் அந்தக் கீறலை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு பிரஷ்ஷை நனைத்து, இடக்கன்னத்தில் மெதுவாக நுரை தடவினான்.

காலையில் பிடித்த அதே கண்ணாடியை எடுத்து, அப்பாவின் முகத்துக்கு நேராகத் தான் பிடித்துக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். சட்டென்று கீழே வைக்கப் போனாள்.

"இருக்கட்டும்" என்றான் அண்ணன். "கொஞ்சம் எறக்கிப் புடி."