ஆணி அடித்த காசு

பல் டாக்டருக்கு நல்ல காசு பிடிக்காது. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள், பல் பிடுங்கினதற்கு நீட்டுகிற காசை அவர் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. நான் சொல்வது அவர் சேர்த்துவைக்கிற காசை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துச் செப்புக்காசுகளில் கள்ளக்காசாகப் பார்த்துப் பொறுக்குவார். ஈயத்தில் வார்த்துச் செம்பு பூசினது, வருஷத்தைச் சுரண்டி மாற்றினது, ஓரத்தை அராவி எடுத்தது. தங்கம், வெள்ளி பக்கமே போகமாட்டார்.

"தங்கத்துல கள்ளம் பண்றவன் பேராசைக்காரன். ஒத்தச் செப்புக்காசுல பண்றான் பாருங்க, அவன்தான் அசல் தரித்திரம். அவன் கைவேலையப் பாக்கறது ஒரு தனி சுகம்" என்பார். எதிரே கிடப்பவர் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதால் மறுபேச்சு வராது.

கடைத்தெருவில் பழைய மளிகைக் கடையை இடிக்கப்போகிறார்கள் என்றதும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அந்தக் கடையின் கல்லாப் பலகையில் ஒரு செப்புக்காசு ஆணி அடித்து இருந்தது. முன்னெல்லாம் கள்ளக்காசு அகப்பட்டால் கடைக்காரர்கள் இப்படித்தான் பலகையில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். அந்தக் காசு மறுபடி யார் கைக்கும் போகாது, நீட்டினவர் முகத்தையும் ஊர் மறக்காது.

கடைக்காரரின் பேரன் பலகையை அறுத்துக் கொடுத்தான். "கதையும் சேத்து எடுத்துக்கோங்க டாக்டர். இத நீட்டின அம்மா இன்னும் இருக்காங்க. எதிர்ல தையக்கடைதான். ஆணிக்காசு வீடுன்னா எல்லாருக்கும் தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே காசு சேர்ப்பவர்களின் கண்காட்சி. கதையோடு வரும் கள்ளக்காசுக்கு அங்கே மவுசு அதிகம். டாக்டர் அன்றைக்கே தையல்கடைக்குப் போனார். தன்னிடம் வேலை பார்க்கும் நர்ஸையும் எழுதிக்கொள்ள அழைத்துப் போனார்.

முன்னறையில் மகள் தைத்துக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் கட்டிலில் அம்மா. எண்பதைத் தாண்டியிருந்தாலும் பேச்சில் பிசிறில்லை.

"எனக்கு எட்டு வயசு. எங்கப்பா பாத்திரத்துக்கு ஈயம் பூசறவரு. உப்பு வாங்கிட்டு வான்னு புதுக்காசு ஒண்ணக் குடுத்தாரு. கடைக்காரன் கல்லுல போட்டான். நல்ல காசு கிணுங்கும். அது தொப்புன்னுச்சு. 'உங்கப்பன் உலையில ஈயமும் இருக்கு, நெருப்பும் இருக்கு, காசு வார்க்கக் கேக்கணுமா'ன்னு சொல்லி, அத்தன பேர் முன்னாடி ஆணி அடிச்சான்."

அவள் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் தோல் சுருங்கி வழவழவென்று இருந்தது.

"வீட்டுக்குப் போனதும் அப்பா ஈயம் பத்த வெக்கிற கோலால சூடு வெச்சுட்டாரு. அதுக்கப்புறம் யாரும் அவர்கிட்ட பாத்திரம் தரல. ரெண்டே வருஷம், போய்ச் சேந்துட்டாரு."

"ஐயோ" என்றாள் நர்ஸ்.

"இல்ல கண்ணு. தெரிஞ்சு பண்றவன் அப்படிச் சூடு வெக்கமாட்டான். தெரியாததாலதான அவ்வளவு கோவம்? பெத்த புள்ள கையில கள்ளக்காசக் குடுத்து அனுப்புவாரா எவராச்சும்? எம்பொண்ணக் கேளு, இத நான் நாளைக்கு நாலு தடவ சொல்லுவேன்."

"அஞ்சு தடவ" என்றாள் மகள், தையலை விட்டுத் தலை தூக்காமல்.

கிழவி டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எழுதிக்கோங்க, பேரு போட்டுக்கோங்க, என்ன வேணா பண்ணிக்கோங்க. ஒண்ணே ஒண்ணு. அது எங்கப்பா வார்த்ததா, இல்லையா? பாத்துச் சொல்லிடுங்க."

"சொல்றேம்மா. அதுக்குத்தான படிச்சிருக்கேன்."

மறுநாள் நோயாளிகள் வருமுன் டாக்டர் ஆணியைப் பிடுங்கினார். பல்லுக்குத் தங்கம் நிறுக்கும் தராசில் காசை வைத்தார். நர்ஸ் எடையை எழுதினாள். ஆணி செம்பைத் தின்னவில்லை, பின்பக்கம் இதழ் போல விரித்துத் தள்ளியிருந்தது, அவ்வளவுதான். அசல் காசின் எடை ஒரு குன்றிமணி பிசகாமல் அப்படியே இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தார். வார்த்த காசில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். இதில் ஒன்றுகூட இல்லை. எழுத்தின் ஓரமெல்லாம் கத்திபோல நின்றது. சர்க்கார் அச்சில் அடித்தது. பிறகு விளிம்பைத் திருப்பினார். தலைமுடி கனத்தில் ஒரு கீறல், பாதி சுற்றுக்கு ஓடியது. அச்சடிக்க எடுத்த செப்புத் தகடே உள்ளே பிளந்து இருந்திருக்கிறது. விரிசல் விட்ட பானை கிணுங்குமா? அதனால்தான் தொப்பென்றிருக்கிறது.

"அப்ப இது நல்ல காசா டாக்டர்?" நர்ஸுக்கு வாயெல்லாம் பல். "அந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணட்டுமா?"

டாக்டர் காசைக் கீழே வைத்தார். காசு சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் முந்தின நாள் ராத்திரியே, கள்ளக்காசு என்று போட்டோ அனுப்பிவிட்டார். கண்காட்சியில் வைக்கக் கண்ணாடிப் பெட்டிக்கும் சொல்லியாயிற்று. ஓட்டை விழுந்த நல்ல செப்புக்காசை எவன் ஏறெடுத்துப் பார்ப்பான்?

"வெளியில யாரு முதல்ல வந்திருக்காங்கன்னு பாரு" என்றார்.

சாயங்காலம் நர்ஸையும் கூட்டிக்கொண்டு அவரே போய்ச் சொன்னார். கையெழுத்துப் போட்ட தாளையும் கட்டிலில் வைத்தார். "கள்ளக்காசுதாம்மா. ஈயம் கலந்து வார்த்தது. தேய்மானமே இல்ல பாருங்க, நாலு கை மாறியிருந்தா கொஞ்சமாவது தேயும். வார்த்தவன் கையிலேருந்து நேரா கடைக்கு வந்திருக்கு."

புதுக்காசு தேயாமல் இருந்தது உண்மைதான். அந்த உண்மையை எடுத்துத்தான் அவளைக் குத்தினார். நான் இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

கிழவி தாளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "அப்போ தெரிஞ்சேதான் குடுத்திருக்காரு" என்றாள்.

நர்ஸ் திரும்பி நடக்கும்போது கேட்டாள், "ஏன் டாக்டர் அப்படி?"

"எழுபது வருஷமா ஊர் சொன்னதத்தான நானும் சொன்னேன்? புதுசா என்ன கெட்டுப்போச்சு? நீ மாசம் முப்பது நாளும் என்கிட்ட வேலை பாக்கணுமா வேணாமா?"

நான்கு நாள் அவள் பொறுத்துப் பார்த்தாள். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் தையல்கடைக்கு ஓடினாள். கிழவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கஞ்சி ஆறிக் கிடந்தது.

"பெரியம்மா, அது நல்ல காசு. நான்தான் எடை எழுதினேன். உள்ள விரிசல் இருக்கு, அதான் சத்தம் வரல. சர்க்கார் செஞ்ச தப்பு. உங்கப்பா ஒண்ணுமே பண்ணல."

கிழவி திரும்பினாள். நர்ஸின் கையை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"கை எப்படி நடுங்குது பாரு. உனக்குப் பொய் வராது கண்ணு."

"பொய்யில்ல பெரியம்மா! டாக்டருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும், அந்த பயம்."

"கிழவி செத்துடப்போறாளேன்னு சொல்ற. நல்ல மனசு. நல்லா இரு." கையை விட்டாள். "படிச்சவரு பாத்து எழுதிக் குடுத்துட்டாரு. எட்டு வயசுப் புள்ளையக் கள்ளத்துக்கு அனுப்பிட்டு, மாட்டிக்கிட்டதுக்குச் சூடும் வெச்சாரு. இவருக்காகவா நான் இத்தன வருஷம் மல்லுக்கு நின்னேன்?"

மகள் நர்ஸை வாசலுக்கு இழுத்து வந்தாள். "நெஜமாவா?"

"சத்தியமாக்கா."

"நாளைக்குக் கண்காட்சில எல்லார் முன்னாடியும் சொல்லுவியா? நான் அம்மாவத் தூக்கிட்டாவது வரேன். நாலு பேர் ஆமான்னு சொன்னா அவங்க நம்புவாங்க."

நர்ஸ் தரையைப் பார்த்தாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

"அப்ப எதுக்குடி வந்த?" என்றாள் மகள். உள்ளே போய் மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். கண்ணாடிப் பெட்டி மேல் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள் என்று டாக்டர் நர்ஸை அங்கேயே நிறுத்தியிருந்தார். உள்ளே காசு, ஆணி, பலகைத் துண்டு. பக்கத்தில் அச்சடித்த அட்டையில் ஈயம் பூசுகிறவரின் கதை. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அட்டையைக் கடைசி வரைக்கும் படித்தாள்.

"அடப்பாவி! பெத்த புள்ள கையிலயா குடுத்து அனுப்பினான்?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

டாக்டர் இரண்டடி தள்ளி நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றாள் நர்ஸ். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கண்ணாடியில கை படுது."